கவலைக் கயிறு

கவலை இல்லாத மனிதனைப் பாக்கியசாலி என்று நாம் எல்லோரும் சொல்லுகிறோம். பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவில் ஒரு காலத்தில் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே கவலை இல்லாதவனுக்குக் கிணறு இருந்தும் பயன் இல்லை, பயிர் இல்லை. கவலை வைக்க இரண்டு மாடு வேண்டும், ஒரு சால் வேண்டும், நல்ல கயிறு வேண்டும். இவ்வளவும் உள்ளவனுக்குத்தான் தைரியமாகப் பெண் கொடுப்பார்கள்.

நான் சொல்லுவது மனத்தைத் தின்கிற கவலையை அல்ல. மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற கவலையை. மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் இதையே கமலை என்பார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கவலையைப் பற்றியது. முக்கியமாக, அதன் கயிற்றைப் பற்றியது. இடையிடையே கொஞ்சம் பௌதிகமும் வரும். வாசகர்கள் பயப்பட வேண்டாம். அந்தப் பாடத்தில் நானே தோற்றுப்போனவன்.

தோற்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தேன். அதில் கப்பிக் கணக்கு என்று ஒரு வகை உண்டு. எடையே இல்லாத ஒரு கயிறு. உராய்வே இல்லாத ஒரு கப்பி. கயிற்றின் ஒரு முனையில் ஓர் எடை, மறு முனையில் வேறோர் எடை. கையை எடுத்தால் கனமானது இறங்கும், லேசானது ஏறும். அவற்றின் முடுக்கம் என்ன? கயிற்றின் இழுவிசை எவ்வளவு? எடையில்லாத கயிறு எந்தக் கடையில் கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே, இழுவிசை என்றால் பெரிய எடைதான் என்று நான் எழுதி வைத்தேன். பக்கத்தில் இருந்தவன் இரண்டு எடைகளையும் கூட்டி எழுதினான். இரண்டு பேருக்கும் பூஜ்யம் கிடைத்தது. ஏன் பூஜ்யம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வெகுகாலம் கழித்துக் கண்டமங்கலத்தில், ஒரு பாழுங்கிணற்றின் கரையில் நின்றபோதுதான் புரிந்தது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் வளவனூரைத் தாண்டிப் போனால் கண்டமங்கலம் வரும். வேடிக்கையான சாலை அது. தமிழ்நாடு கொஞ்ச தூரம், புதுச்சேரி கொஞ்ச தூரம் என்று மாறி மாறி வரும். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி நிர்வாகத்தை விட்டுக் கொடுக்கும் வரையில் இது இரண்டு ராஜ்யங்களின் எல்லை. 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரெயில் போட்டார்கள். இந்தப் பக்கத்து மல்லாட்டை—மற்ற ஊர்களில் நிலக்கடலை, வேர்க்கடலை என்பார்களே, அதுதான்—புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பல் ஏறிப் பிரான்ஸ் தேசத்து மார்சேய் நகரத்துக்குப் போய் எண்ணெயாயிற்று. ராஜ்யங்கள் இரண்டானாலும், ரெயில் வந்தாலும், கப்பல் போனாலும், எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறியது மாட்டின் கழுத்தில் கட்டிய கயிற்றினால்தான்.

என் சிநேகிதர் ஒருவருக்கு அங்கே பூர்வீக நிலம் இருக்கிறது. அவருடைய தகப்பனார் எண்பது வயதைத் தாண்டியவர். சிறுவயதில் கவலை ஓட்டியவர். ஒரு நாள் மாலை அவர்தான் என்னைப் பழைய கிணற்றுக்கு அழைத்துப் போனார். கிணற்றில் தண்ணீர் இல்லை, வேலமரம் முளைத்திருந்தது. கரையில் இரண்டு கல்தூண்கள் மட்டும் நின்றன. அவற்றுக்கு எதிரே, மண் சரிந்து கொஞ்சம் மேடு தட்டிப்போன ஒரு சரிவுப் பாதை.

“இதுதான் தம்பி, மாடு நடந்த வழி” என்றார்.

கவலையைப் பார்த்திராத வாசகர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். கிணற்றின் வாய்க்கு மேலே, தூண்களுக்கு நடுவில், ஒரு பெரிய உருளை. அதன் மேல் வடம் என்கிற தடித்த கயிறு ஓடும். வடத்தின் ஒரு முனையில் சால். மறு முனை மாடுகளின் நுகத்தடியில். சாலின் அடிப்பக்கத்தில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் இருக்கும். அந்தக் குழாயின் வாயில் இன்னொரு மெல்லிய கயிறு. அதற்கு வால் கயிறு என்று பெயர். அது கிணற்றின் விளிம்பில் தாழ்வாக இருக்கும் ஒரு சின்ன உருளையின் மேல் ஓடி, அதே நுகத்தடிக்குப் போய்ச் சேரும். சால் கிணற்றுக்குள் ஏறும்போது குழாயின் வாய் மேலே மடிந்திருக்கும், தண்ணீர் சிந்தாது. சால் உச்சிக்கு வந்ததும் வடம் அதை உயரே தூக்க, வால் கயிறு குழாயைத் தாழ்வாக வெளியே இழுக்கும். தண்ணீர் தானாகவே தொட்டியில் கொட்டிவிடும். சாலைக் கவிழ்ப்பதற்கு ஆள் வேண்டாம். இரண்டு கயிறுகளின் நீளத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்தி வெட்டுவதில்தான் இந்த வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. யார் இதை முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

இனி மாடு. மாடு சமதரையில் நடந்து இழுக்காது; சரிவில் இறங்கி இழுக்கும். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீர், சால், கயிறு எல்லாம் சேர்ந்து 170 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றின் ஆழம் 25 அடி. சரிவுப் பாதையும் 25 அடி. ஆறடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவு. மாடு இரண்டும் 600 கிலோ. ஓட்டுகிறவர் சும்மா நடந்து வர மாட்டார். மாடு இறங்கும்போது துள்ளி வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய 60 கிலோவும் கணக்கில் சேரட்டும் என்றுதான். ஆக மொத்தம் 660 கிலோ சரிவில் இறங்குகிறது. ஆறில் ஒரு பங்கு சரிவு என்பதால், 110 கிலோ அளவுக்கு அந்த எடையே வடத்தை இழுத்துவிடும். மாடுகள் தங்கள் பலத்தால் இழுக்க வேண்டியது மிச்சமுள்ள 60 கிலோவும், உருளையின் உராய்வுக்காகக் கொஞ்சமும்தான்.

அப்படியானால் 110 கிலோ இனாமா? உலகத்தில் இனாம் ஏது? சால் கொட்டியதும் மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டில் ஏற வேண்டும். இறங்கும்போது கடன் வாங்கிய உயரத்தை, சுமை இல்லாதபோது ஏறி அடைத்துவிட வேண்டும். ஒரே மூச்சில் செய்ய முடியாத வேலையை இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுக்கிற உபாயம் இது. விவசாயிக்குத் தவணைக் கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை அல்லவா?

கவலையின் கணக்கு இப்படி இருக்க, என்னைப் பூஜ்யமாக்கிய கப்பிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் பார்த்தேன். அது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலிருந்து வந்தது. டிரினிட்டி கல்லூரியில் ஜார்ஜ் ஆட்வுட் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். நியூட்டன் 1687-இல் தம் இயக்க விதிகளை எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆனால் விழுகிற பொருளை வைத்து அவற்றை மாணவர்களுக்குக் கண்ணால் காட்டுவது கஷ்டம். கையை விட்டால் ஒரு வினாடியில் பதினாறு அடி விழுந்துவிடுகிறது, எதை அளப்பது? அவருக்கு முன்னால் கலிலியோ, 1638-இல் வெளிவந்த தம் நூலில், சரிவுப் பலகையில் குண்டை உருட்டி விழுகையை மெதுவாக்கினார். ஆட்வுட் வேறு வழி கண்டார். கப்பியின் மேல் மெல்லிய நூல். இரு முனையிலும் சம எடை. ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு துளி எடை கூடுதல். கப்பியின் அச்சைச் சின்னச் சின்னச் சக்கரங்களின் மேல் உட்காரவைத்து உராய்வைக் குறைத்தார். 1784-இல் இதைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. கலிலியோவின் சரிவையும் ஆட்வுட்டின் கப்பியையும் ஒன்றாகச் சேர்த்தால் நம் கவலை வந்துவிடுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு பக்கம் 500 கிராம், மறு பக்கம் 510 கிராம் என்று வையுங்கள். தள்ளுகிற சக்தி 10 கிராமினுடையது. நகர வேண்டிய சரக்கோ 1,010 கிராம். ஆகையால் முடுக்கம் இயற்கையான விழுகையில் 101-இல் ஒரு பங்கு. முதல் வினாடியில் ஐந்து சென்டிமீட்டர்கூட நகராது, நிதானமாக அளக்கலாம். கயிற்றின் இழுவிசை? 500 அல்ல, 510-உம் அல்ல, இரண்டின் கூட்டலும் அல்ல. ஏறக்குறைய 505. கனமான பக்கம் தன் எடையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துக் கீழே போகிறது. லேசான பக்கம் தன் எடைக்கு மேல் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. இருவருக்கும் நடுவே நின்று பஞ்சாயத்துச் சொல்லுகிறது கயிறு. நான் வாங்கிய பூஜ்யத்தின் காரணம் இதுதான். ஓடுகிற கயிற்றுக்கும் நிற்கிற கயிற்றுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நான் மறந்துவிட்டேன்.

1784-ஆம் வருஷத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஆட்வுட்டின் பிரசங்கங்களைக் கேட்டவர்களில் வில்லியம் பிட் என்ற இளைஞரும் ஒருவர். அவர் இருபத்துநாலு வயதிலேயே இங்கிலாந்தின் பிரதம மந்திரியாகி, பழைய ஆசானை மறக்காமல் சுங்க இலாகாவில் ஓர் உத்தியோகம் போட்டுக் கொடுத்தார். அதே பிட் அதே 1784-இல் கொண்டுவந்த இந்தியச் சட்டந்தான் கிழக்கிந்தியக் கம்பெனியை பிரிட்டிஷ் சர்க்காரின் மேற்பார்வைக்குள் வைத்தது. கேம்பிரிட்ஜில் நூல் கட்டி எடை இறக்கிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில் நம் பக்கம் எப்படி இருந்தது? 1780-இல் ஹைதர் அலி கர்நாடகத்தில் இறங்கினார். 1781-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய சண்டை. 1783-இல் கடலூர் முற்றுகை. 1784 மார்ச்சில்தான் மங்களூரில் சமாதானம் ஆயிற்று. படைகள் போன வழியெல்லாம் வயல் பாழ், மாடு கொள்ளை. மாடு போனால் கவலை நின்றது. கவலை நின்றால் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் பஞ்சந்தான். 1801-இல் கர்நாடகம் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆட்சிகள் மாறிக்கொண்டிருக்க, மாடு வாங்க முடிந்தவர்கள் மறுபடி வடத்தைப் பூட்டினார்கள்.

நம்முடைய இறைப்பு முறைகளை வெள்ளைக்காரர்கள் வெறும் வேடிக்கையாகப் பார்த்தார்கள் என்று சொல்லுவது நியாயமாகாது. 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், மலையாளம் எல்லாம் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், ஏற்றத்தையும் கவலையையும் கவனித்துத் தம் பிரயாண நூலில் எழுதிவைத்தார். அவருக்குப் பின் அவற்றை முறையாக அளந்து பார்த்தவர் ஆல்பிரெட் சாட்டர்டன். 1888-இல் சென்னை எஞ்சினீரிங் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். நம் ஊரில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வழி காட்டியவரும் அவரே. கிணற்றங்கரையில் நின்று, ஒரு ஜோடி மாடு ஒரு மணியில் எத்தனை சால் இறைக்கிறது, எவ்வளவு உயரம் தூக்குகிறது என்று கணக்கெடுத்தார். ஆனால் மாட்டின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டே! எண்ணெய் எஞ்சினும் பம்பும்தான் இனி வழி என்று முடிவு கட்டினார். 1912-இல் வெளிவந்த இறைவைப் பாசனத்தைப் பற்றிய அவருடைய நூலில் இதையெல்லாம் காணலாம்.

சாட்டர்டன் அளந்தவை சாலும் உயரமும் மணியும். கயிற்றின் மனசை அளந்தவர்கள் வேறு. கண்டமங்கலத்துப் பெரியவர் அவர்களில் ஒருவர்.

“எனக்குப் பதினைஞ்சு வயசு தம்பி. எங்கப்பாருக்குக் காய்ச்சல். நான்தான் கவலை ஓட்டினேன். வெயில் ஏறுறதுக்குள்ளே பாத்தி நனைஞ்சிடணும்னு, சால் முங்கினதும் மாட்டை ஒரு அடி போட்டு விரட்டினேன். வடம் பட்டுனு போச்சு. மாடு ரெண்டும் முட்டி போட்டு முன்னாலே விழுந்துச்சி. வலத்து மாட்டுக்குக் கால் போச்சு.”

சற்று நேரம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரு ஜோடிதான். அந்த வருஷம் கேழ்வரகு கதிர் பிடிக்கும் சமயம் தண்ணீர் இல்லாமல் கருகிப்போயிற்று. அப்பா அடித்தாரா என்று கேட்டேன்.

“அடிக்கலே. அறுந்த வடத்தை என் கையிலே கொடுத்து முறுக்கச் சொன்னாரு. முறுக்கி முடிச்சப்புறம் ஒண்ணே ஒண்ணு சொன்னாரு: கயிறு பாரத்துக்கு அறாதுடா, அவசரத்துக்குத்தான் அறும்.”

எனக்குப் பளிச்சென்றது. கல்லூரியில் கரும்பலகை நிறைய எழுதிய சூத்திரம் இந்த ஒரு வாக்கியந்தானே! அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 170 கிலோ சுமை அசையாமல் தொங்கினால் இழுவிசை 170 கிலோதான். சீராக, ஒரே வேகத்தில் ஏறினாலும் அதே 170-தான். புறப்படும்போதுதான் வித்தியாசம். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தை அடைய மாடு ஒரு வினாடி எடுத்துக்கொண்டால், கயிற்றுக்குக் கூடுதல் சுமை 9 கிலோதான். அதே வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு வினாடியில் வெடுக்கென்று அடைந்தால் கூடுதல் 87 கிலோ, மொத்தம் 257. தண்ணீர் அதேதான், சால் அதேதான், மாடும் அதேதான். அவசரத்துக்கு மட்டும் 87 கிலோ விலை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சால் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போது கயிற்றில் பாரமே தெரியாது, தண்ணீர் தாங்கிக்கொள்ளும். மட்டத்தை விட்டு வெளியே வரும்போதுதான் முழுப் பாரமும் வடத்தில் விழும். லேசாக இருக்கிறதே என்று முதலில் விரட்டியவன், பாரம் ஏறுகிற சமயத்தில் மாட்டிக்கொள்வான். ஆகையால் தேர்ந்த கைகள் சால் தண்ணீரை விட்டுக் கிளம்பும் வரையில் மாட்டைப் பூப்போல நடத்தும். பிறகுதான் துள்ளி வடத்தில் உட்காரும். பாட்டு எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சால் எண்ணுவதற்கு மட்டுமா? மாட்டுக்கும் ஆளுக்கும் ஒரே தாளம் இருந்தால் கயிறு வெடுக்கென்று இழுபடாது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. அந்தத் தோல் குழாயைப் பதனிட்டுத் தைத்தவர்கள் யார்? ஊருக்கு வெளியே சேரியில் இருந்தவர்கள். அவர்கள் தைத்த தோலின் வழியாகத்தான் ஊரார் நிலத்துத் தண்ணீர் எல்லாம் பாய்ந்தது. அதே கிணற்றில் இறங்கி ஒரு குடம் மொண்டுகொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லாத ஊர்கள் எத்தனையோ. தோலுக்குத் தீட்டு இல்லை, தைத்த கைக்குத் தீட்டு! கயிற்றின் இரு முனையிலும் கணக்குச் சரியாக இருந்தது. மனிதர்களின் கணக்குத்தான் சரியாக இல்லை.

பிறகு மின்சாரம் வந்தது. 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். சுதந்திரம் வந்தபின் கம்பிகள் கிராமம் கிராமமாகப் போயின. 1950-களிலும் 1960-களிலும் கிணறுகளில் பம்புசெட்டு ஏறியது. வடமும் சாலும் பரண் ஏறின. அதற்காக நான் கண்ணீர் விடத் தயாராயில்லை. விடிவதற்கு நாலு நாழிகை முன்பே எழுந்து கவலை ஓட்டியவர்களுக்கு மோட்டார் விமோசனந்தான்; மாட்டுக்கும் விமோசனந்தான். பெரியவரே சொன்னார்: “சுவிட்சைப் போட்டு முதல் தடவை தண்ணி கொட்டினப்போ எங்கம்மா குழாயைத் தொட்டுக் கும்பிட்டாங்க.”

ஆனால் ஒன்று போய்விட்டது. கவலை இருந்தபோது, தண்ணீர் ஓரடி இறங்கினால் மாட்டின் கழுத்துக்குத் தெரிந்தது. ஓட்டுகிறவரின் கைக்குத் தெரிந்தது. இந்த முனையில் கொடுத்ததை அந்த முனையில் கயிறு அப்படியே சொல்லிற்று. வழியில் உருளை கிறீச்சென்று கொஞ்சம் சுங்கம் வாங்கிக்கொண்டதோடு சரி. மோட்டாருக்கு அந்தச் சேதி சொல்லும் கயிறு கிடையாது. சுவிட்சைப் போடுகிற விரலுக்கு 25 அடியும் ஒன்றுதான், 300 அடியும் ஒன்றுதான்.

அந்த வீட்டின் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் தொங்குவது 300 அடியில். தண்ணீர் அதுவரை இறங்கிவிட்டால், பழைய கவலை மாடு ஒரு சால் தண்ணீருக்குப் பன்னிரண்டு நடை நடந்தாக வேண்டும். எந்த மாடு நடக்கும்? எந்தக் குடியானவர்தான் நடத்துவார்? மாடு நின்றிருக்கும், மனிதரும் யோசித்திருப்பார்.

நாங்கள் திரும்பும்போது வீட்டுக் கொல்லையில் ஒரே கூட்டம். மோட்டார் சுட்டுப்போய்விட்டதாம். மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நட்டு, உச்சியில் ஒரு கப்பியை மாட்டி, குழாயும் மோட்டாருமாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். இளைஞர் ஒருவர், நேரமாகிவிட்டது என்று, கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுக்கப் போனார்.

“மெதுவா, கண்ணு, மெதுவா” என்று பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வேகமாக நடந்தார்.